மிளகு மலையில் ஒரு வெள்ளிக் காசு

கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே ஏறிய எம் மத்ரஸா மாணவர்கள் இருபதுக்குமேல் எண்ணும் நிலையில் இல்லை! சோளக்காட்டுச் சந்தையில் இறங்கியதும் மிளகின் மணம் எதிர்கொண்டது.

மிளகு விற்ற முதியவர் எம் தொப்பியைக் கண்டு, "பாய், நீங்க படிச்சவங்க. இது ரோமாபுரிக் காசுதானான்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு வெள்ளிக் காசை நீட்டினார். ஐந்து கிலோ மிளகுக்கு ஈடாக யாரோ கொடுத்ததாம்.

ஓரி ஆண்ட இம்மலையைக் காரி வென்று சேரனுக்குக் கொடுத்ததாகச் சங்கப் பாடல் கூறும். சேரரின் கரூரில், அமராவதி ஆற்று மணலில், ரோமானியக் காசுகள் ஏராளம் கிடைத்துள்ளன. 'தெனாரியஸ்' எனப்பட்ட அவ்வெள்ளிக் காசு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஜகாத் பாடத்தில் நாம் இருபது தீனார் என்று ஓதிக் கொடுக்கிறோமே, அந்தத் 'தீனார்' இப்பெயரின் வழிவந்ததே. வெள்ளிக்குரிய பெயர் பின்னர்ப் பொன்னுக்கு ஆயிற்று. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் வெளியிட்ட தீனாரில் உருவமே இல்லை, எழுத்து மட்டுமே.

கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாக இருப்பவை இரண்டே வகை. ஒன்று அகஸ்டஸ் மன்னருடையது. பின்புறம் கேடயங்களுடன் இரு இளைஞர்கள் நிற்பர். மற்றது திபேரியஸினது, பின்புறம் ஒரு பெண்மணி அமர்ந்திருப்பாள். கி.பி. 64இல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வந்த வெள்ளிக் காசுகள் இங்கே அரிதாகவே கிடைக்கின்றன. நம் வணிகர்கள் மன்னன் முகத்தைப் பார்க்கவில்லை, வெள்ளியையே பார்த்தார்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

முதியவரின் காசில் இரு இளைஞர்களும் இருந்தனர். ஆயினும் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு; முகத்தில் ஊசிமுனைக் குழிகள். உண்மைக் காசு, வெள்ளி வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தது. இதுவோ வார்ப்பு. சொல்வதா, வேண்டாமா? ஒருகணம் தயங்கினேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

"ஐயா, இது வார்த்த காசு. பழங்காலத்திலேயே இந்நாட்டில் போலிகள் செய்ததுண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். உருக்கிவிடாதீர்கள்" என்றேன். மண்ணில் கிடைத்ததாயின் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சொன்னேன்.

பெரியவர் சிரித்தார். "ரோமாபுரிக்காரன் நல்ல வெள்ளி குடுத்து மிளகு வாங்கினான். எங்கிட்ட வாங்கினவன்..." வாக்கியத்தை முடிக்காமலே எங்களுக்குக் கால் கிலோ நிறுத்துத் தந்தார்.