மர்மப் படத்தைக் காதால் பார்ப்போம்

எம்மவரிடம் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் கதையைச் சொல்வார்கள், பிறகு நடிகரைச் சொல்வார்கள், அதற்குப் பிறகு பாட்டுக்களைச் சொல்வார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் படம் முழுக்கக் கூடவே வரும் இசையைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. பின்னணி இசை என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, அதைப் பின்னுக்கே தள்ளி வைத்துவிட்டோம். ஆனால் மர்மப் படங்களில் முன்னுக்கு நிற்பது அந்த இசைதான். கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறான் என்பது கண்ணுக்குத் தெரிய முன்னரே காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை எழுதும் நாம் சங்கீதம் படித்தவர்கள் அல்லர். சாதாரண தரத்துடன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இப்போது ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர்கள். இராக தாளங்களைப் பற்றி வித்துவான்கள் பேசட்டும். எமக்குத் தெரிந்தது கேட்பது மட்டுமே. அதிலும் பயத்தைக் காதால் கேட்கும் பழக்கம் இந்த நாட்டில் பலரைவிட எமக்குக் கூட.

வாசகர்களுக்கு இது விளங்கும். ஹெலியின் சத்தத்துக்கும் கிபிரின் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும் இடத்திலிருந்து வந்தவர்கள் நாம். ஷெல் குத்தும் சத்தம் கேட்டால், அது வந்து விழும்வரை மனதுக்குள் எண்ணத் தெரிந்தவர்கள். கனடா வந்த புதிதில் பார்க்டேலில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தோம். செப்ரெம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறையின்போது, ஒன்ராறியோ வாவிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும் என்பது எமக்குத் தெரியாது. ஜெற் விமானங்கள் வானத்தைக் கிழித்துக்கொண்டு போக, சமைத்துக்கொண்டிருந்த அம்மா அகப்பையோடு மேசைக்குக் கீழே போய்விட்டார். வெளியே சனங்கள் கைதட்டிக்கொண்டு நின்றார்கள்.

அதே அம்மாதான், ரி.வி.யில் மர்மப் படம் ஓடும்போது வயலின்கள் கீச்சிட்டால், "தம்பி, அந்தச் சத்தத்தைக் குறை" என்பார். படம் ஓடுவதில் அவருக்கு ஆட்சேபனை இல்லை. கத்தியையும் இரத்தத்தையும் பார்த்துக்கொண்டே பயற்றங்காய் முறிப்பார். சத்தம் மட்டும் ஆகாது. மர்மப் படத்தின் பயத்தில் பெரும்பங்கு ஒலியில்தான் இருக்கிறது என்பது இதைக் கண்ட பிறகுதான் எமக்கு உறைத்தது. அந்த ஒலியை எப்படிச் செய்கிறார்கள் என்று அறியும் ஆசையும் அங்கேதான் பிறந்தது.

அப்படித் தேடிப் போகிற எவரும் கடைசியில் வந்து சேரும் படம் ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டு அல்பிரட் ஹிட்ச்கொக் எடுத்த 'சைக்கோ'. இசையமைத்தவர் பேர்னாட் ஹெர்மன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை இசையே பொருத்தம் என்று எண்ணிய ஹெர்மன், மேளம், எக்காளம், புல்லாங்குழல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தந்தி வாத்தியங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி வாசிக்கும் செலோ, ஆளுயரத்துக்கும் மேலான டபிள் பேஸ், இவ்வளவுதான். கச்சேரிகளில் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்ட அதே வயலின்தான் இங்கே எம்மை நடுங்க வைக்கிறது.

அது எப்படி? வயலினின் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டைக் குதிரை என்பார்கள். அந்தக் குதிரையின்மேல் சிறிய கவ்வி ஒன்றைச் செருகினால் ஒலி அடங்கி, பூட்டிய அறைக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். படம் நெடுகிலும் கவ்வியைச் செருகி அடக்கியே வாசிக்கும்படி ஹெர்மன் எழுதினார். குளியலறைக் கொலைக் காட்சியில் மட்டும் அதைக் கழற்றச் சொன்னார். அவ்வளவு நேரமும் மூடிக்கிடந்த கதவு அடித்துத் திறந்ததுபோல அந்த இடத்தில் வயலின்கள் அலறுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வயலின்களில் ஒரு பிரிவு ஓர் உச்சச் சுரத்தைப் பிடிக்க, அடுத்த பிரிவு அதனோடு ஒத்துப்போகாத வேறொரு சுரத்தில் வந்து மோதுகிறது. சேராத சுரங்களைக் காது ஏற்றுக்கொள்ளாது. பல்லைக் கூசவைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்கொக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்கவில்லை, எழுதினார். கேட்டுப் பார்த்த பிறகு இயக்குநர் தமது முடிவை மாற்றிக்கொண்டார்.

அந்தக் காட்சியைவிட எமக்குப் பிடித்தது வேறொரு இடம். முதலாளியின் பணத்தை எடுத்துக்கொண்டு கதாநாயகி கார் ஓட்டிப் போகிறாள். இருட்டுகிறது, மழை பெய்கிறது. திரையில் நடப்பது அவ்வளவுதான். அந்த இடத்தில் சத்தத்தை முழுதாக நிற்பாட்டிவிட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் ஒரு பெண் மழையில் கார் ஓட்டுவதுபோலத்தான் இருக்கும். பிறகு சத்தத்தோடு பாருங்கள். வில்லுகள் தந்தியில் வெட்டி வெட்டி, விடாமல், ஒரே வேகத்தில் ஓடும். காருக்குப் பின்னால் ஏதோ துரத்தி வருவதுபோல நாமே கதிரையின் நுனிக்கு வந்துவிடுவோம். துரத்துபவன் படத்தில் இல்லை, இசையில் இருக்கிறான்.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். சைக்கோவின் நிழல் விழுந்த தமிழ்ப் படம் ஒன்று 1980 தீபாவளிக்கு வெளிவந்தது. ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய 'மூடுபனி'. இயக்கி ஒளிப்பதிவும் செய்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, பூனாவில் படித்து, இந்தியத் திரையுலகில் நிமிர்ந்து நின்ற எமது மண்ணின் மனிதர். இசை இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கியவருக்கு நான்கே ஆண்டுகளில் இது நூறாவது படம். இருவரும் முதன்முதலில் சேர்ந்ததும் இதில்தான். பாலு மகேந்திராவின் கடைசிப் படமான 'தலைமுறைகள்' (2013) வரை அந்த உறவு நீடித்தது.

மூடுபனி என்றதும் யேசுதாஸ் கிற்றாருடன் பாடிய பாட்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எமது கலியாண வீடுகளிலும் அதைப் பாடுகிறார்கள். ஆனால் படத்தில் அந்தப் பாட்டைப் பாடும் பாத்திரம் ஒரு கொலைகாரன். பாட்டைத் தனியே கேட்டால் காதல். கதை தெரிந்து கேட்டால் முதுகு சில்லிடும். இனிமையான ஓசையும் பயத்துக்கு உதவும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் சென்னையில் பின்னணி இசை சேர்ப்பதை ரீரெக்கோடிங் என்பார்கள். படத்தை ரீல் ரீலாகத் திரையில் ஓட்டிப் பார்த்து, அதற்கு ஏற்ற இசையை எழுதி, வாத்தியக்காரர் எல்லோரும் ஒன்றாக இருந்து வாசித்துப் பதிவார்கள். இளையராஜா மேற்கத்திய முறையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரங்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். அவரவர் தமக்கு முன்னால் இருக்கும் தாளைப் பார்த்து வாசிப்பார்கள். தொழிற்சாலையில் வரிசையில் நிற்கும் எமக்கு இது நன்றாக விளங்குகிறது. ஒருவர் செய்வது ஒரு துண்டு வேலைதான். எண்ணிக்கை பிசகாமல் எல்லோரும் செய்தால் கடைசியில் ஒரு முழுச் சாமான் வெளியே வரும்.

இசை போடத் தெரிந்தவருக்கு அதை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். சைக்கோவில் கொலை முடிந்து வயலின்கள் ஓய்ந்த பிறகு, குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. அலறலைவிட அது கொடுமை. தமிழில் இந்தத் துணிவை 1954இலேயே காட்டியவர் எஸ். பாலசந்தர். வீணை வித்துவானான அவரே இயக்கி, ஏ.வி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. பாட்டில்லாமல் படம் ஓடாது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், சங்கீதமே வாழ்க்கையான ஒருவர் பாட்டை வேண்டாம் என்றார். ஒரு துப்பாக்கிச் சத்தம், ஒரு பிணம், சுற்றிலும் சந்தேகத்துக்குரிய மனிதர்கள். நடுவில் ஒரு பாட்டு வந்திருந்தால் பார்ப்பவரின் மனம் இளைப்பாறியிருக்கும். இளைப்பாற விடாததுதான் மர்மப் படத்தின் வேலை. யார் சுட்டது என்பதைச் சொல்லி உங்கள் சுவாரசியத்தைக் கெடுக்க மாட்டோம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மர்ம இசை செய்வது ஒன்றே ஒன்றுதான். எம்மைக் காத்திருக்க வைக்கிறது. ஊரில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஒலிச்சித்திரம் போகும் நாட்களில் படத்தைக் காதாலேயே பார்த்தோம். சுற்றுபவரின் கை தளர்ந்தால் வானொலியின் குரல் தேய்ந்துபோகும். கதவு கிரீச்சிட்டது கேட்டிருக்கும், வந்தது யார் என்பது கேட்டிராது. "சுத்தடா, சுத்தடா" என்று எல்லோரும் கத்துவார்கள். தெரியாததைக் காத்திருக்கும் அந்தத் தவிப்பைத்தான் ஹெர்மனும் இளையராஜாவும் தாளில் எழுதினார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். ஊரில் கேட்ட சத்தம் எப்போது முடியும் என்று எமக்கு யாரும் சொல்லவில்லை. படத்தில் கேட்கும் சத்தத்தை ஒரு மனிதர் பேனையால் எழுதினார். வேறு சில மனிதர் கதிரையில் இருந்து வாசித்தார்கள். வாசித்து முடிய வீட்டுக்குப் போனார்கள். ஒருநாள், சைக்கோவின் இசையை ஓர் இசைக்குழு மேடையில் வாசிக்கும் வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். கறுப்புச் சட்டை போட்ட இளம் பெண்கள் சிலர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வில்லை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "இந்தப் பிள்ளையளே இவ்வளவு நாளும் என்னை வெருட்டினது?" என்றார். இப்போதும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். ஆனால் மேசைக்குக் கீழே போவதில்லை, அறையை விட்டும் எழும்புவதில்லை.

இது வைத்தியம் அல்ல. சத்தங்களால் நித்திரை கெட்டு, நெஞ்சு படபடத்து அவதிப்படும் உறவுகள் எம்மிடையே பலர். அவர்கள் வெட்கப்படாமல் குடும்ப வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நாம் சொல்வது இவ்வளவுதான். பயத்தின் ஓசையை மனிதர் எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அதன் பலம் கொஞ்சம் குறைகிறது, அழகும் கொஞ்சம் தெரிகிறது.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோ பொது நூலகத்தில் இந்நகரில் வசிப்பவர்கள் இலவசமாக அங்கத்தவராகலாம். புத்தகங்களோடு படங்களின் இறுவட்டுக்களும் இரவல் எடுக்கலாம். சைக்கோவும் மூடுபனியும் பெரியவர்களுக்கான படங்கள், சின்னப் பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டுப் பாருங்கள். 'அந்த நாள்' படத்தை வளர்ந்த பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திப் பார்க்கலாம். நிலவறை வீட்டில் இருப்பவர்கள் காதுக்கருவி போட்டுக்கொண்டால் மேல்வீட்டுக்காரருக்கும் கரைச்சல் இல்லை. எந்த வாத்தியம் முதலில் வருகிறது, எந்த இடத்தில் இசை நிற்கிறது என்று கவனியுங்கள். படம் முடிந்த பிறகு, உங்களுக்குப் பயம் தொடங்கியது எந்த இடத்தில் என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், திரையில் ஒன்றுமே நடக்காத ஓர் இடத்தைத்தான் எல்லோரும் சொல்வீர்கள்.