கிளைகள் தொடும் இடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே, தோப்புகளும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழையின் பெரும்பகுதியை மலையின் மறுபக்கமே பெற்றுக்கொள்கிறது. இப்பக்கம் மழைமறைவு நிலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையை நம்பியே இங்கு உழவு நடைபெறுகிறது. கோடையில் மலையடிவாரம் முள்ளும் கல்லுமாகக் காய்ந்து கிடக்கும். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது பழந்தமிழர் கண்ட நிலக்கொள்கை. சித்திரை மாதத்தில் அதனை இங்கு நேரிலேயே காணலாம்.

அத்தகையதொரு சித்திரை விடியலில் தோப்புக்காரர் ஒருவர் தனியே நடந்துகொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. இராசபாளையத்தில் வீடு, மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு. நாள்தோறும் தோப்புவரை வண்டியிலேயே செல்பவர், அன்று தார்ச்சாலை முடியுமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார். அதற்குக் காரணம் இருந்தது.

முந்தைய நாள் மரவியாபாரி வந்திருந்தார். தோப்பின் வேலியோரம் ஒன்றும் ஓடைக்கரையில் ஒன்றுமாக நிற்கும் இரண்டு புளியமரங்களுக்கும் நல்ல விலை சொன்னார்.

"நிழல் விழுந்து மா காய்க்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள், அண்ணாச்சி. மரம் போனால் அணில் தொல்லையும் போகும். நாளைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த இன்னும் ஒரு மாதமே இருந்தது. ஆயினும், தந்தையார் காலத்து மரங்களை விலைபேசுமுன் ஒருமுறை நின்று பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

முள்காட்டின் காலை

பாதையின் இருபுறமும் உடைமரமும் இலந்தையும் கள்ளியும் மண்டியிருந்தன. புழுதியில் இரவின் செய்திகள் எழுதப்பட்டிருந்தன. மயிலின் மூவிரல் தடம் ஒருபுறம். முயல் தாவிச் சென்ற தடம் மறுபுறம். ஓரிடத்தில் யானையின் இலத்தி கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். காய்ந்து நார் நாராகப் பிரிந்திருந்தது. பல நாள்களுக்கு முந்தையது. ஈரமாக இருந்திருந்தால் அங்கிருந்தே திரும்பியிருப்பார். மலையடிவாரத்தில் வாழ்பவருக்குத் துணிவைவிட இந்த அறிவே பெரிய துணை.

புதருக்குள் கௌதாரி ஒன்று குரல்கொடுத்தது. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டி இரை தேடியது. அவர் மேற்கு நோக்கி நடந்தார். முதுகுப்புறம் கதிரவன் எழுந்தான். நீண்ட நிழல் அவருக்கு முன்னே சென்றது. நிழல் தொட்டதும் குருவிகள் பறந்தன. அதைக் கண்டபின் அவர் மர நிழலுக்குள் ஒதுங்கி, அடிகளை மெல்ல எடுத்துவைத்தார். இத்தனை ஆண்டுகள் வண்டியின் ஓசை எவ்வளவு உயிர்களைத் தமக்கு முன்னே விரட்டியிருக்கும் என்று அன்றுதான் எண்ணினார்.

மரத்தின்மேல் ஒரு பாதை

ஓடையில் நீரில்லை, ஆனால், ஈரம் இருந்தது. அதனால் கரையில் மருதும் நாவலும் பசுமை குன்றாமல் நின்றன. ஓடைக்கு அப்பால் வனத்துறையின் எல்லை தொடங்குகிறது. அனுமதியின்றி அங்கே செல்லலாகாது. இப்பால் அவருடைய புளியமரம். அதன் எதிரே இருந்த பாறையில் அமர்ந்து காத்திருந்தார்.

வெயில் மரத்தின் உச்சியைத் தொட்டபோது மருதமரத்துக் கிளையொன்று அசைந்தது. குச்சிகளையும் இலைகளையும் கொண்டு கட்டப்பட்ட பெரிய கூட்டிலிருந்து சாம்பல் நிற மலை அணில் ஒன்று வெளியே வந்தது. நரை கலந்த முதுகு, வெளிறிய வயிறு, உடலுக்கு நிகராக நீண்ட அடர்ந்த வால். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் விலங்கு இது. இதனைக் காப்பதற்காகவே திருவில்லிபுத்தூரில் 1988ஆம் ஆண்டு சரணாலயம் அமைந்தது. 2021ஆம் ஆண்டு அது மேகமலையுடன் இணைந்து, இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று.

அணில் மருதிலிருந்து புளியமரத்துக்குத் தாவியது. அங்கிருந்து மாமரத்துக்கு வந்து, பிஞ்சொன்றைப் பின்னங்கால்களால் கிளையைப் பற்றியவாறே கொறித்தது. கீழே கடித்த மாங்காய்கள் கிடந்தன. அவருக்குச் சினம் எழுந்தது. எழுந்து கைதட்டலாமா என்று நினைத்தார்.

அப்போது கழுகின் நிழலொன்று தோப்பின்மேல் நகர்ந்தது. அணில் உரத்த குரலில் விட்டுவிட்டுக் கத்தியது, பிறகு ஓடியது. தரையில் ஓரடிகூட வைக்கவில்லை. மாங்கிளையின் நுனி புளியங்கிளையின் நுனியைத் தொடுமிடத்தில் ஒரு தாவல். புளி மருதைத் தொடுமிடத்தில் மற்றொன்று. நொடிப்பொழுதில் அது கூட்டருகே இலைகளுக்குள் மறைந்தது.

அவர் மீண்டும் அமர்ந்தார். இந்த அணில் தரையில் இறங்குவது அரிது. மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடுமிடங்களில் அது கூடு கட்டுவதும் தப்பிச் செல்லும் வழிகளுக்காகவே. கிளையும் கிளையும் தொடும் இடமே அதற்கு வீதி. ஓடைக்கரைப் புளியை வெட்டினால் அந்த வீதி அறுந்துபோகும். பிறகு தோப்புக்கு வரவேண்டுமானால் அது மண்ணில் இறங்க வேண்டும். மண்ணில் ஊர் நாய்கள் காத்திருக்கும். வேலியோரத்துப் புளியோ தனித்து நின்றது. அதன் கிளை எதையும் தொடவில்லை.

ஒரு வார்த்தை

அவர் அங்கிருந்தே வியாபாரியை அழைத்தார்.

"வேலியோரத்து மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரை மரம் நிற்கட்டும்."

"ஒரு மரத்துக்காக லாரி கொண்டுவந்தால் எனக்குக் கட்டுப்படியாகாது, அண்ணாச்சி. சொன்ன விலையைத் தர இயலாது."

"உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையையே தாருங்கள்."

எதிர்முனையில் சொன்ன தொகை, ஒரு மரத்துக்கு அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. அவர் ஒப்புக்கொண்டார். மீதிக் கட்டணத்துக்காக மண்டியில் மாங்காய்க்கு முன்பணம் வாங்க வேண்டும். அவ்வாறு வாங்கினால் காய்க்கு மண்டிக்காரர் சொல்வதே விலை. அந்தக் கணக்கும் அவருக்குத் தெரியும்.

வெயில் ஏறியது. கௌதாரியின் குரல் அடங்கிற்று. முன்னே நீண்டு சென்ற நிழல், அவர் திரும்பியபோது பின்னே குறுகித் தொடர்ந்தது. ஓடைக்கரையில் மீண்டும் இலையசையும் ஓசை கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை; அணில் எந்த வழியாக வருகிறது என்பது அவருக்கு இப்போது தெரியும்.