கதை எழுத நினைக்கும் கீழக்கரைத் தம்பிமாருக்கு

"நம்மூர்ல கதை எழுத என்ன காக்கா இருக்கு?" என்று கேட்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே! 1898இல் மறைந்த நம்மூர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் மார்க்க நூல்களோடு நிற்கவில்லை. 'மதீனத்துந் நுஹாஸ்' என்ற நெடுங்கதையையும் அரபுத்தமிழில் தந்தார். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலுக்கும் முந்தியது அது என்று சொல்வோர் உண்டு. அந்த வழக்கு பேராசிரியர்கள் பாடு.

மலையாளவழிப் பள்ளியில் படித்து, வியாபாரம் பார்த்த தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சிலேயே எழுதினார். 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது.

ஆகவே லாத்தாவை அக்காவாக்காதீர்கள். வாப்பா வாப்பாவாகவே இருக்கட்டும். அடிக்குறிப்பும் வேண்டாம், வாசகருக்குப் புரியும். தொதல் கிண்டுகிற வீட்டில் போய் உட்காருங்கள். தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரியும்வரை அகப்பையும் நிற்காது, பெண்கள் பேச்சும் நிற்காது. துபாயிலிருந்து வராத போன், பேசி முறிந்த சம்பந்தம், எல்லாம் அங்கே வரும். (தொதலும் கிடைக்கும்.)

எழுதியதும் பத்திரிகைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். முதலில் வீட்டில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். "இப்படி யாரு பேசுவா?" என்று கேட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.