சிரிப்பும் வதந்தியும்
சார்லி சாப்ளினை அறியாதார் நம்மில் அரியர். ஆனால் 1914-ல் அவர் கீஸ்டோன் கம்பெனியின் படங்களில் புதிதாகத் தோன்றியபோது, அங்கே முன்பே நட்சத்திரமாய்ப் பிரகாசித்தவர் மேபல் நார்மண்ட் அம்மையார். நடித்ததோடு படங்களை டைரக்ட் செய்தவரும் அவரே. ஒரு பெண்ணின் கட்டளைக்குப் பணிய சாப்ளின் முதலில் முரண்டினார். பிறகு இருவரும் சேர்ந்து உலகத்தைச் சிரிக்க வைத்தனர். பேசாத படத்தில் அம்மையாரின் விரிந்த கண்களே வசனம் பேசின. 1918-ல் வெளிவந்த 'மிக்கி' பெரு வெற்றி கண்டது.

1922-ல் டைரக்டர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலை அவரைக் கண்டு சென்றவர் மேபல். போலீஸார் அவர்மீது குற்றம் சாட்டவில்லை, பத்திரிகைகளோ விடவில்லை. 1930-ல் க்ஷயரோகம் அவரைக் கொண்டுபோயிற்று. நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. கோர்ட்டு தண்டியாதவரை வதந்தி தண்டித்தது. வதந்தியை ருசித்துப் படிக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டல்லவா?