மங்கல் என்னும் ஒற்றைச் சொல்

சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை நடத்தும் முதியவருக்குக் கண்புரை அறுவை முடிந்த முதல் மாதம் பெருமிதமாகக் கழிந்தது. எதிர்க்கடைப் பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் உரக்கப் படித்துக் காட்டினார். ஐந்தாம் வாரம் பார்வை மீண்டும் குன்றியது. கண்ணாடிக் கடையில், "மங்கலா இருக்கு" என்றார். கண்ணாடி மாறியது, பார்வை மாறவில்லை.

மங்கல் இரு மொழிக்கும் பொதுச்சொல். இரு நோய்க்கும் பொதுச்சொல் என்பதே இடர். வில்லை வெளுக்கும் புரையும் மங்கல். அறுவைக்குப் பிந்தைய அழற்சியால் நுண்குழாய்கள் கசிந்து, விழித்திரையின் மையமான மாக்குலாவில் நீர் கோக்கும் வீக்கமும் மங்கல். 1953இல் இர்வின் இதனை விவரித்தார். 1966இல் காஸும் நார்ட்டனும் சாயம் செலுத்தி எடுத்த படங்களில் கசிவைக் காட்டினர். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில் தலைகாட்டும். நீரிழிவு உடையோர்க்கு வாய்ப்பு மிகுதி. பலருக்கும் சொட்டுமருந்திலேயே வடிந்துவிடும். நாட்பட நீடித்தால் பார்வைக்குறை நிலைத்துவிடலாம்.

"வயசாயிட்டு" என்று அவர் அமைதியானார். ஒருநாள் மகள் பேரேட்டை விரித்து, "எப்படித் தெரியுது அப்பா?" என்று கேட்டாள்.

"கோடெல்லாம் நடுவுல நெளியுதும்மா."

அந்த வினைச்சொல்லைக் கேட்ட மருத்துவர் உடனே ஓசிடி படம் எடுத்தார். மாக்குலாவில் நீர்க்குமிழ்கள் தெரிந்தன. இரண்டு மாதச் சொட்டுமருந்தில் கோடுகள் நிமிர்ந்தன.

அறுவை முடிந்து திரும்பும் பெரியவர்களிடம் "தெரிகிறதா?" என்று மட்டுமே கேட்கிறோம். "எப்படித் தெரிகிறது?" என்பதே கேட்க வேண்டிய வினா.