பிரிபடாத பங்கு

ஜனவரி 19, திங்கள்

இந்த வீட்டுக்குப் பதினொரு சாவிகள். முகப்புக் கதவின் சாவி காவலுக்கு இருக்கும் அக்காவிடம். மற்ற பத்தும் நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்கு. தேவகோட்டையில் ஒன்று, சென்னையில் இரண்டு, கோலாலம்பூரில் ஒன்று, மெல்பர்னில் ஒன்று, மதுரையில் தங்கையிடம் ஒன்று. என்னுடையது சிங்கப்பூரில் துணி அலமாரியில் கிடந்து, இன்று என்னோடு திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தது. மீதி மூன்று யாரிடம் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவின் தாத்தா, எங்கள் பாட்டையா, பர்மாவில் பெகுவில் வட்டிக்கடை நடத்திச் சேர்த்த பணத்தில் 1920களில் கட்டியது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு எனத் தெருவுக்குத் தெரு நீளும் வீடு. வளவில் பர்மாத் தேக்குத் தூண்கள். சுவரில் சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்த பூச்சு. கன்னத்தை வைத்தால் இன்றும் குளிர்கிறது. அவருக்கு நான்கு ஆண்மக்கள். 1952 பாகப்பிரிவினையில் ஆளுக்குக் கால் பங்கு. எங்கள் கால் பங்கு இரண்டாகி, பிறகு நானும் தங்கையும் என்று மறுபடி பிரிந்துவிட்டது. வீடு மட்டும் பிரியவில்லை. பிரிக்கவும் முடியாது. வளவை எந்த இடத்தில் அறுப்பது?

வந்த காரியம் இது. இரண்டாவது கால் பங்குக்குரிய பெரியப்பா, சென்னையில் இருப்பவர், வயது எண்பத்தொன்று, போன ஆடியில் போன் செய்தார். “தம்பி, விக்கணும்னு எனக்கு ஆசையில்ல. வரி, மராமத்துன்னு வருஷா வருஷம் கேக்குறாக. என்னால குடுக்க முடியல. வீடு பிரிக்கிற வியாபாரி ஒருத்தர் வந்து போறாக. நீ வாங்கிக்கிறியா, சொல்லு.”

அக்கா இரவு இட்லி வைத்தார். “தம்பி, மழைக்கு மேக்குப் பக்கம் ஒழுகுது. ஏனம் வெச்சு வெச்சு எடுக்கேன்” என்றார். அவர் இரண்டாம் கட்டில் குடிவந்து முப்பது வருடம் ஆகிறது. இந்த வீட்டில் இவ்வளவு காலம் தொடர்ந்து வசித்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இப்போது யாரும் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மனைவிக்குப் பழைய வீட்டில் நம்பிக்கை இல்லை. “மனை வாங்குங்கள், நாமே சின்னதாகக் கட்டிக்கொள்ளலாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சிங்கப்பூரில் நாங்கள் இருப்பது 99 வருடக் குத்தகையில் கிடைத்த அடுக்குமாடி வீடு. சொந்தம் என்று சொல்லிக்கொண்டாலும் அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. கடைசித் தேதி இல்லாத ஒரு துண்டு மண் வேண்டும் என்பது அவள் ஆசை.

தரகர் ஒருவர் கூட்டிப்போனார். செம்மண்ணில் வெள்ளைக் கற்கள் வரிசையாக ஊன்றியிருந்தன. டிடிசிபி அப்ரூவல் எண்ணைக் கேட்டேன். ஒரு பகுதிக்குக் கொடுத்தார், இன்னொரு பகுதிக்கு “வந்திரும்” என்றார். வந்த பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டபோது, அப்படி வாங்கி வைத்திருந்த எத்தனை பேர் கையைப் பிசைந்தார்கள் என்பது மறக்கவில்லை. பிறகு வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனால் அந்த மாதங்களில் வெளிநாட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன்.

அடுத்து இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு காட்டினார். விலையும் குறைவு. என்னிடம் இருப்பது சிங்கப்பூர்க் கடவுச்சீட்டும் ஓசிஐ அட்டையும். வீடு, வீட்டு மனை, கடை எது வேண்டுமானாலும் நான் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இதே விதிதான். அப்பா எழுதிவைத்துப் போன வயலாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், புதிதாகக் காசு கொடுத்து வாங்க முடியாது. இதைச் சொன்னதும் தரகர், “மச்சினர் பேர்ல போட்டுக்கங்க சார்” என்றார். அப்படி அடுத்தவர் பெயரில் வாங்குவதைப் பினாமி என்றுதான் சட்டம் சொல்லும். மச்சினரோடு உறவும் போய்விடும்.

திரும்பும்போது கவனித்தேன். அந்த மனைப்பிரிவின் தார்ச்சாலை ஊரணிக்குப் போகும் வரத்துக்காலின் மேலேயே போடப்பட்டிருக்கிறது. ஓட்டுக்கூரையில் விழுந்த மழையை வளவில் வாங்கி, வாய்க்கால் வழியே ஊரணிக்குச் சேர்த்த ஊர்கள் இவை. அந்த இடத்தில் மனை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 21, புதன்

1952 பத்திரத்தைத் தேடி எங்கள் அறையைத் திறந்தோம். தகரப் பெட்டியில் மேலாக இருந்தவை பர்மாப் பத்திரங்கள். வட்டவட்டமான பர்மிய எழுத்து, அரசாங்க முத்திரை, வயலின் வரைபடம், எல்லை, அளவு, எல்லாம் துல்லியம். ஒரு தாளில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

இந்தத் தாள்களின் கதையை அப்பாவைப் பெற்ற ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டையா நிலம் வாங்கப் போனவர் இல்லை, கொண்டுவிற்க, அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்கப் போனவர். 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் வட்டி கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த வயல்கள் கடைக்கணக்கில் வந்து சேர்ந்தன. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் பாட்டையா போன்ற செட்டியார்களிடம் இருந்தது நூற்றுக்கு ஆறு பங்கு நிலம். 1937இல் அது இருபத்தைந்து பங்கு. ஏழே ஆண்டில்.

ஐயா இதை நஷ்டக் கதையாகத்தான் சொல்வார். ஜப்பான்காரன் வந்தது, நடந்தே வந்தவர்கள் வழியில் செத்தது, 1948இல் பர்மா சுதந்திரம் பெற்று நிலத் தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது, 1964இல் மிச்சமிருந்தவர்களும் கப்பலேறியது. அவ்வளவும் உண்மை. ஆனால் அந்த வயலை உழுதவன் வீட்டில் இதே கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று இன்று அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது தோன்றியது. நிலத்தின் சொந்தக்காரர் கடல்தாண்டி ஏதோ ஒரு காரைக்குடியில் இருந்தார். அவர் முகத்தை உழுதவன் பார்த்ததில்லை.

இன்று கடல்தாண்டி இருப்பவன் நான். பத்து வருடத்தில் இந்த வீட்டில் நான் படுத்த இரவுகளை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

1952 பத்திரம் பெட்டியின் அடியில், கறையான் ஒரு ஓரம் தின்ற நிலையில் கிடைத்தது. பர்மாவில் தாள் ஒழுங்காக இருந்தும் நிலம் நிலைக்கவில்லை. இங்கே தாள் கந்தலாகியும் வீடு நிற்கிறது.

ஜனவரி 22, வியாழன்

காலையில் வக்கீல். ஆறு மாதமாக இந்தத் தாள்களைப் பார்த்துவருபவர். மூலப்பத்திரம், பழைய ஏடுகளில் தேடி எடுத்த வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். பதிவேட்டில் இன்னும் பாட்டையா பெயர்தான். கடைசியாக வந்திருப்பது வாரிசுச் சான்றிதழ். அதில் இரண்டு பெயர்கள். பெரியப்பாவுக்குத் தங்கை ஒருவர் உண்டு. தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்ட அத்தை.

“அவுக கையெழுத்து இல்லாம முடியாது” என்றார் வக்கீல். பெரியப்பாவின் தகப்பனார் இறந்தது 1971. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டை ஆண்வாரிசுகள் பிரித்துக்கொள்ளும்வரை மகள் பிரிவினை கேட்க முடியாது என்று வைத்திருந்தது. 2005இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. உரிமை இருந்தும் கேட்க முடியாமல் முப்பத்துநாலு வருடம். அதற்குப் பிறகும் யாரும் அத்தையிடம் போய்ச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வியாபாரியைப் பற்றியும் கேட்டேன். பங்கு வாங்கிய வெளியாள், குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குள் வந்து கூட்டாக அனுபவிக்க முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொல்கிறது. அதனால் அவர்கள் ஒரு பங்கோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பங்காளிக்கும் முன்பணம் கொடுத்து, வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பவர் எழுதி வாங்கி, எல்லாக் கையெழுத்தும் சேர்ந்ததும் கூரையைப் பிரிக்கிறார்கள். பவர் விஷயத்தில் எனக்கு ரொம்பப் பயம். துபாயில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் நண்பரை நம்பி முழு அதிகாரப் பத்திரம் கொடுத்தார். மனை விற்றுப்போன செய்தி அவருக்கு எட்டவே இரண்டு வருடம் ஆனது. கொடுத்தே ஆக வேண்டுமானால், இன்ன சொத்து, இன்ன காரியம் என்று குறிப்பிட்டு, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும் என்று வக்கீல் அழுத்திச் சொன்னார். அதனால்தான் நான் லீவு போட்டு வந்திருக்கிறேன்.

வக்கீல் கடைசியாக, “காவலுக்கு இருக்கிறவங்களக் காலி பண்ணிட்டு வாங்குறது நல்லது” என்றார். சட்டப்படி அவர் சொல்வது சரியாக இருக்கலாம். நான் ஒப்பவில்லை.

மதியம் வங்கி. பணம் என் என்ஆர்இ கணக்கிலிருந்து பெரியப்பாவின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ரொக்கமாகவோ வெளிநாட்டு நோட்டாகவோ கொடுக்கக் கூடாது. எங்கள் கணக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று அதைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அதே வருடம் ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. ரங்கூனில் போட்ட பணம் காரைக்குடியில் கைக்கு வர வேண்டும் என்று நினைத்தவர்கள் ஊரை விட்டுப் போனவர்கள் அல்ல.

ஜனவரி 23, வெள்ளி

தேவகோட்டை. அத்தைக்கு எழுபத்தேழு வயது. விவரம் முழுதும் கேட்டார்கள். வெகுநேரம் பேசவில்லை.

“இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் கையெழுத்துன்னு கேட்டு வந்ததில்லப்பா. நகை குடுத்தாக, சாமான் குடுத்தாக. வீட்டுல எனக்கும் இருக்குன்னு யாரும் சொல்லல.”

எழுதிக் கொடுத்துவிடுகிறேன், பணம் எதற்கு என்று சொல்வார்களோ என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போனேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஏற்றிருக்கக் கூடாது. அத்தை சொல்லவில்லை. “எனக்கு வர்றத எங்கணக்குல போட்டுரு. அண்ணனுக்குக் குறைச்சு எனக்கு வேணாம், எனக்குக் குறைச்சு அண்ணனுக்கும் வேணாம்” என்றார்கள். பிறகு, முன்னோருக்குப் படைக்கும் நாளை நினைத்து, “படைப்பு அன்னைக்கி நான் வளவுல வந்து உக்காருவேன். அத எழுதிக்கிறியா?” என்று கேட்டார்கள். எழுதத் தேவையில்லை அத்தை என்றேன். “எழுது” என்றார்கள்.

ஜனவரி 25, ஞாயிறு

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கஜலட்சுமி செதுக்கிய நிலைகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. யாரோ ஒரு ஆச்சியின் மங்குச் சாமான்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அடியில் விலாசம்கூட அழியவில்லை. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வாங்காவிட்டால் இதில் பாதி விறகாகியிருக்கும். இந்த நிலையைக் கழற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்களைப் போல வெளியூரில் இருப்பவர்கள்தாம். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமையைப் பேசும் வீட்டு விசேஷங்களிலேயே, “நம்ம வீட்டத் தள்ளிவிட்டா என்ன வரும்?” என்ற பேச்சும் நடக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

பெரியப்பா மகனோடு ரயிலில் வந்துவிட்டார். வளவில் உட்கார்ந்து பேசினோம். அத்தையும் வந்திருந்தார்கள். தங்கை மதுரையிலிருந்து வந்தாள். வாங்கும் பங்கு என் பெயரிலும் அவள் பெயரிலும் சமமாக என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அக்கா இருக்கும்வரை இரண்டாம் கட்டு அவருக்கு, சம்பளம் பொதுக்கணக்கிலிருந்து, அவருக்குத் தெரியாமல் எந்த அறையும் பூட்டுவதில்லை என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிட்டோம். அத்தையின் படைப்பு நாள் உரிமையும் அதே தாளில் இருக்கிறது.

பெரியப்பா தூணைத் தடவிக்கொண்டே இருந்தார். “வித்துட்டேன்னு சொல்லாத. உங்கிட்ட குடுத்திருக்கேன்” என்றார்.

ஜனவரி 28, புதன்

பத்திரப்பதிவு முடிந்தது. முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு. உறவுக்குள் எழுதும் பத்திரங்களுக்கான சலுகை நெருங்கிய உறவுக்குத்தான், ஒன்றுவிட்ட பெரியப்பாவிடம் காசு கொடுத்து வாங்கும் எனக்கு இல்லை. தை மாதக் கூட்டத்தில் அத்தையை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டோம். விரல்ரேகை முதல் தடவை பதியவில்லை. மூன்றாம் தடவை பதிந்தது. பத்திரத்தில் சொத்து விவரத்தின் கீழ் “பிரிபடாத பங்கு” என்று போட்டிருக்கிறார்கள்.

இரவு, மூன்றாம் நான்காம் பங்குகளில் இருக்கும் எட்டுப் பேருக்கும் எழுதினேன்:

‘இரண்டாம் பங்கை நானும் தங்கையும் வாங்கியிருக்கிறோம். விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். வெளியில் யாருக்கும் பவர் எழுதிவிடாதீர்கள். உங்கள் அக்கா தங்கைகளுக்கும் பங்கு உண்டா என்று வக்கீலைக் கேளுங்கள், இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். மேற்குப் பக்கக் கூரையில் ஓடு மாற்றும் வேலை மாசியில் தொடங்குகிறது. வைகாசியில் படைப்பு. அத்தை வருகிறார்கள். நீங்களும் வாருங்கள், வரும்போது சாவியைக் கொண்டுவாருங்கள். மூன்று அறைகளின் சாவி கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் பெரிய பழைய சாவி ஏதும் கிடந்தால், அது இங்கே சேர வேண்டியதாக இருக்கலாம்.’