ஆட்வே காட்டில் இரண்டு இரவு



மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை பூக்கட்டும் இடத்தில் என்னைக் காணோம் என்று பலர் கேட்டீர்களாம். மகன் வீட்டுக்கு மெல்பர்ன் போயிருந்தேன். போன இடத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்தோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், நேரம் இருக்கும்போது படியுங்கள். துணையை இழந்துவிட்டு வீட்டோடு இருக்கிற நம் கோயில் அக்காமார், அண்ணன்மார் முக்கியமாகப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. வருஷத் திவசம் முடிந்த கையோடு மகன் போன் பண்ணினான். "அம்மா, டிக்கெட் போட்டாச்சு. நவம்பர்ல வாங்க, எல்லாரும் கேம்பிங் போறோம்" என்றான். விஷயம் தெரிந்ததும் இரண்டு கேள்வி வந்தது. "இந்த வயசுல தரையில படுத்து எழுந்திருக்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சுலபம், காற்றடிக்கிற மெத்தை இருக்கிறது. சொந்தக்கார அக்கா ஒருவர், "புருஷன் போய் ரெண்டு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள ஊர் சுத்தவா?" என்று கேட்டார். அது மனசில் தைத்தது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் கூடவே வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் போனதிலிருந்து நான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியதே இல்லை. கூடத்து விளக்கு, படுக்கையறை விளக்கு இரண்டும் விடிய விடிய எரியும். பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் காரில் கிளம்பினோம். புளிச்சாதம், தயிர்சாதம், மைலோ, பேத்திக்கு பிஸ்கட். டார்க்கி என்ற ஊரில் கிரேட் ஓஷன் ரோடு ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். 243 கிலோமீட்டர் நீளமாம். கொஞ்ச தூரம் போனதும் சாலைக்குக் குறுக்கே மரத்தால் ஒரு பெரிய வளைவு. பக்கத்தில் மண்வெட்டியோடு வேலை செய்கிற ஆட்களின் சிலை. படம் எடுக்கத்தான் நிறுத்துகிறான் என்று நினைத்தேன். மகன் அப்போதுதான் சொன்னான், இந்தச் சாலை முழுவதுமே ஒரு நினைவுச் சின்னம் என்று. முதல் உலகப் போர் முடிந்து திரும்பி வந்த சுமார் 3,000 சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை போட்ட சாலை. போரில் செத்துப்போன தங்கள் தோழர்களின் நினைவாகப் போட்டது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, தள்ளுவண்டி, அவ்வளவுதான்.

நான் அந்த வளைவுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். கூட இருந்தவனைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் துக்கம் நம் துக்கத்துக்குக் குறைந்ததா? அவர்கள் அதை ஒரு கல்லில் பேர் வெட்டி நிறுத்தியிருக்கலாம். மற்றவர்கள் போய்வர ஒரு வழியாகப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அந்த வழியில் கல்யாணம் ஆனவர்கள் போகிறார்கள், குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போகிறார்கள். செத்தவர்களுக்கு அதனால் மரியாதை குறைந்துவிடவில்லை. அக்கா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

அப்போலோ பே தாண்டி மெயிட்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் இறங்கினோம். முன்காலத்தில் மெயிட்லண்ட் பிரையன் என்ற வனக்காவலர் தன் குதிரைக்கு ஓய்வு கொடுத்த இடமாம், அதனால் அந்தப் பேர். காட்டுக்குள்ளே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், 800 மீட்டர்தான். என்னைப் போல முட்டிவலிக்காரர்களும் மெதுவாக நடக்கலாம்.

மழைக்காடு நமக்குப் புதுசா? ஆனால் இது குளிர் மழைக்காடு. நம் காட்டில் வியர்த்து ஊற்றும், இங்கே வாயைத் திறந்தால் புகை வருகிறது. கேமரன் மலையில் பிரிஞ்சாங் பாசிக்காட்டைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் புரியும். மரம், கிளை, கல் எல்லாவற்றுக்கும் பச்சைச் சட்டை போட்ட மாதிரி பாசி. ஆள் உயரத்துக்கும் மேலே குடை விரித்த மரப் பெரணிகள். நடுவில் மிர்ட்டல் பீச் என்ற மரங்கள், சில 300 வயது இருக்கும் என்கிறார்கள். இந்த மரத்தின் உறவுகள் நியூசிலாந்திலும் தென் அமெரிக்காவிலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த நிலமெல்லாம் கோண்டுவானா என்று ஒன்றாகச் சேர்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.

பேத்தி ஒரு மரத்தைத் தொடப் போனாள். மருமகள் தடுத்தாள். பட்டையில் சின்னக் காயம் பட்டாலும் போதும், அதன் வழியாகப் பூஞ்சை நோய் ஏறி மரத்தையே கொன்றுவிடுமாம். பலகைப் பாதை போட்டதும் வேரை யாரும் மிதிக்கக்கூடாது என்பதற்காகத்தான். விழுந்த மரங்களை அங்கே யாரும் அகற்றுவதில்லை. அப்படியே கிடக்கின்றன. அதன் மேலே பாசி, பாசிக்குள்ளே விரல் நீளத்துக்குக் கன்றுகள். கீழே விழுந்தது ஈரம் பிடித்து வைத்திருப்பதால்தான் அந்தக் கன்றுகள் பிழைக்கின்றன. மகன் அதை எனக்குக் காட்டிவிட்டு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவனுக்கும் அப்பா போனவர்தானே.

கூடாரம் போட்டது ஜொஹானா கடற்கரைக்குப் பக்கத்தில். 1843-இல் அங்கே உடைந்த ஜோவன்னா என்ற கப்பலின் பேராம். குழாய்த் தண்ணீர் கிடையாது, குடிக்கவும் சமைக்கவும் நாமே கொண்டுபோக வேண்டும். நவம்பர் அவர்களுக்கு வசந்த காலம். ஆனாலும் இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது. முதல் இரவு கூடாரத்துக்குள்ளே விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு மெல்பா கல்லி என்ற இடத்துக்குப் போனோம், அரை மணிக்குள் போய்விடலாம். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற பள்ளத்தாக்கு. ஒன்பதரைக்கு மேல்தான் நன்றாக இருட்டியது. உள்ளே கொஞ்ச தூரம் போனதும் மகன், "டார்ச்சை அணைக்கணும்மா, வெளிச்சம் பட்டா அதுங்க அணைஞ்சிடும். பேசவும் கூடாது" என்றான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அணைத்துவிட்டான். என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டாள், யாருக்கு யார் துணை என்று தெரியவில்லை.

முதலில் ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு மண்சுவரில் ஒரு நீலப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழக நூறு, இருநூறு. அவை அத்தனை நேரமும் அங்கேயே இருந்தவைதான். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் நாம் படகில் போய்ப் பார்க்கிற மின்மினி வண்டு வேறு, இது வேறு. மின்மினி கண் சிமிட்டும், இது சிமிட்டாமல் நின்று எரியும். ஒரு சின்னக் கொசு மாதிரிப் பூச்சியின் புழு இது. பிசுபிசுப்பான நூலைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் காட்டிச் சின்னப் பூச்சிகளை வரவழைத்துப் பிடித்துத் தின்கிறது. அதன் பிழைப்பு அது. எனக்கு என்னமோ அழுகை வந்தது. இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அன்று இரவு கூடார விளக்கை நானே அணைத்தேன். தூக்கம் உடனே வரவில்லை, கடல் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது தூங்கினேன் தெரியாது. எழுந்தபோது விடிந்திருந்தது.

காலையில் கடலோரம் நடந்தோம். அங்கே குளிக்க இறங்கக்கூடாது, அடியில் இழுக்கிற நீரோட்டம் பலமானது. நேர் தெற்கே போனால் அடுத்த நிலம் அண்டார்டிகாதான். கால் மட்டும் நனைத்தேன், ஐஸ் தண்ணீர். இவருடைய அஸ்தியை நாங்கள் கிள்ளான் பக்கத்துக் கடலில் கரைத்தோம். அவர் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதே கிடையாது. அன்றைக்கும் "என்னங்க, பாத்தீங்களா" என்றுதான் சொன்னேன்.

துக்கம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. வந்த பிறகும் அவர் சட்டையை மடித்து வைக்கும்போது அழுதேன். ஆனால் வீட்டில் இப்போது இரவில் சாமியறை விளக்கு மட்டும்தான் எரிகிறது. அக்காவிடமும் சொல்லிவிட்டேன்: "ஊர் சுத்தப் போகலக்கா, அவரையும் கூட்டிக்கிட்டுத்தான் போய் வந்தேன்."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கூடாரம் போடும் இடத்தை முன்பே பதிவு செய்யுங்கள். கொண்டுபோகும் உணவுப்பொருளை விமான நிலையத்தில் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். முழுத் தீத்தடை அறிவிக்கும் நாளில் வெளியே ஊதுவத்தி, கற்பூரம்கூட ஏற்றாதீர்கள், காடு ஒரு பொறிக்குத் தாங்காது. குளிர்ச்சட்டை இரண்டு வேண்டும். புழு பார்க்கப் போனால் போட்டோ வெளிச்சம் அடிக்காதீர்கள்.

மெல்பர்ன்வரை போக வசதி இல்லையா? கோலசிலாங்கூருக்குப் பேரப்பிள்ளைகளோடு போங்கள். போகத் துணை இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பூக்கட்ட வந்துவிடுவேன். ஊசி, நார் நான் கொண்டுவருகிறேன். இதைப் படித்துவிட்டு இன்னும் வீட்டிலேயே இருக்கிறவர்கள், நீங்களும் வாருங்கள்.